குளிர்கால நீலகிரிப் பயணம்: ஏழு நண்பர்கள், இரண்டு கார்கள், மூன்று இரவுகள் – இந்தத் திட்டம் சரிப்பட்டு வருமா?

மெக்கானிக்கல் 93, திருச்சி

அனைவருக்கும் வணக்கம். 1993ஆம் ஆண்டு பாலிடெக்னிக் முடித்த நாங்கள் ஏழு பேர், இனியும் கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் மட்டுமே பார்த்துக்கொள்வதில்லை என்று முடிவெடுத்து, குடியரசு தின விடுமுறைக் கூட்டம் கலைந்த பிறகு வரும் வார நாட்களில் மூன்று இரவுகளை நீலகிரியில் கழிக்க எண்ணியிருக்கிறோம். நால்வர் திருச்சியிலிருந்தும் இருவர் மதுரையிலிருந்தும் ஒருவர் பெங்களூரிலிருந்தும் வருகிறோம். என்னுடைய டீசல் இன்னோவாவும் மதுரை நண்பர் புதிதாக வாங்கியிருக்கும் மின்சாரக் காரும் கைவசம் உள்ளன.

நான் போட்டு வைத்திருக்கும் திட்டம் இது. முதல் நாள் விடியற்காலையில் திருச்சியை விட்டுக் கிளம்பி, கரூர், காங்கேயம் வழியாக மேட்டுப்பாளையம் சேர்ந்து, கோத்தகிரிப் பாதையில் ஏறி, மாலையில் தொட்டபெட்டா உச்சியில் சூரியன் மறைவதைப் பார்ப்பது. இரண்டாம் நாள் அவலாஞ்சியும் பைக்காராவும் பார்த்துவிட்டு, அன்று மாலையே கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கி அங்கே தங்குவது. மூன்றாம் நாள் முதுமலை, கூடலூர் வழியாக மீண்டும் ஊட்டி. நான்காம் நாள் மஞ்சூர், கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கி வீடு திரும்புவது.

எங்களில் மூவருக்குத்தான் மலைப்பாதையில் வண்டி ஓட்டிய பழக்கம் உண்டு. ஒருவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இன்னொருவருக்கு மூன்றாவது வளைவிலேயே குமட்டிவிடும். எல்லோருக்கும் பொதுவான ஒரே ஆசை உறைபனியைக் கண்ணால் பார்ப்பது. இந்த வரிசை சரிதானா, எதை மாற்ற வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

குன்னூர்வாசி

வணக்கம் நண்பரே. உங்கள் திட்டத்தில் இடங்கள் எல்லாம் இருக்கின்றன, மணிதான் இல்லை. ஜனவரி மாத நீலகிரியில் எங்கே போகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்கு அங்கே இருக்கிறோம் என்பதே முக்கியம். காலை 6.45 அளவில்தான் வெயில் வரும், மாலை 6.15 அளவில் வெளிச்சம் போய்விடும். பிற்பகலுக்கு மேல் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துச் சரிவுகளில் மூடுபனி ஏறத் தொடங்கினால் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது. ஆகவே ஒரு நாளில் பயமின்றி ஓட்டக் கிடைப்பது எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு திட்டத்தைப் போடுங்கள்.

முதலில் கல்லட்டி. ஊட்டியிலிருந்து தலைகுந்தா வழியாக மசினகுடிக்கு இறங்கும் அந்தச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் அந்தச் சரிவில் உருண்டு ஐந்து பேர் இறந்தார்கள்; விழுந்த வண்டி கண்ணில் படவே இரண்டு நாட்கள் ஆயின. அதன் பிறகு வெளி மாவட்ட வாகனங்களை அந்தப் பாதையில் கீழே இறங்க விடுவதில்லை. மசினகுடியிலிருந்து மேலே ஏறி வரலாம். நீங்கள் மசினகுடிக்குப் போகவேண்டுமென்றால் கூடலூர், தெப்பக்காடு சுற்றித்தான் போக வேண்டும். 30 கிலோமீட்டர் தூரம் ஏறக்குறைய 75 ஆகிவிடும். அவலாஞ்சியையும் பைக்காராவையும் பார்த்துவிட்டு ஒரே மாலையில் அது நடக்காது. அவலாஞ்சியே அரை நாளைத் தின்றுவிடும், ஏனென்றால் காட்டுக்குள் சொந்த வண்டியை விடமாட்டார்கள். வனத்துறை வாகனத்துக்குக் காத்திருந்துதான் உள்ளே போக வேண்டும்.

பெங்களூர் நண்பருக்கு ஒரு வார்த்தை. பந்திப்பூர், முதுமலை வழியாக வரும் நெடுஞ்சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டிகளுக்குத் தடை. அலுவலகம் முடிந்து கிளம்பி வருகிறேன் என்றால் குண்டல்பேட்டைக்கு அப்பால் வண்டியிலேயே உறங்க நேரிடும்.

இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள்தான் என்ற உச்சவரம்பு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கோடைக்காலத்துக்கு வந்தது, ஆகையால் ஜனவரியில் பாஸ் கிடைப்பதில் சிரமம் இருக்காது. ஆனால் பாஸ் இல்லாமல் சோதனைச் சாவடியில் நின்று, கைப்பேசியில் சிக்னல் தேடிக்கொண்டு, பின்னால் வரிசை நீள நீள அதை எடுப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களையும் கீழேயே விட்டுவிட்டு எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு வாருங்கள். சோதனையில் பிடித்தால் அபராதம் உண்டு.

சேலம் ஊர்சுற்றி

குன்னூர்வாசி சொல்வது சரிதான், ஆனால் மசினகுடியை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. வரிசையைத் திருப்பிப் போட்டால் போதும். சத்தியமங்கலம், பண்ணாரி வழியாகத் திம்பத்தின் 27 வளைவுகளை ஏறி, ஆசனூர், சாம்ராஜ்நகர், குண்டல்பேட்டை, பந்திப்பூர் என்று வந்தால் முதல் நாள் இரவே மசினகுடியில் தங்கலாம். பெங்களூர் நண்பரும் அங்கேயே வந்து சேர்ந்துகொள்வார். மறுநாள் காலையில் கல்லட்டி வழியாக முறைப்படி மேலே ஏறலாம். ஒரே பயணத்தில் சத்தியமங்கலம், பந்திப்பூர், முதுமலை ஆகிய மூன்று காடுகளையும் பார்த்தது போலாகும். ஒரே சாலையில் இரண்டு முறை போக வேண்டிய அவசியமும் இருக்காது.

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்

சேலத்துத் தம்பி காகிதத்தில் அழகாகக் கோடு போட்டுவிட்டார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து திருச்சியிலிருந்து ஓட்டி வருபவர் மாலை ஐந்து மணிக்குத் தெப்பக்காட்டில் எந்த நிலையில் இருப்பார் என்று யோசிக்க வேண்டும். மலைப்பாதை ஓட்டத்தில் களைப்பு என்பது தூக்கமாக வருவதில்லை. கியரை மாற்றச் சோம்பல் வருகிறது. அதற்குப் பதிலாகப் பிரேக்கை மிதிக்கத் தோன்றுகிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

இறக்கத்தைப் பற்றி உங்கள் மூன்று ஓட்டுநர்களுக்கும் சொல்லி வையுங்கள். எந்த கியரில் ஏற வேண்டியிருக்குமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் அழுத்தி மிதித்து விட்டுவிடலாம். காலை பிரேக்கின் மேலேயே வைத்துக்கொண்டு பத்துக் கிலோமீட்டர் இறங்கினால் டிஸ்க் காய்ந்து, பிரேக் ஆயில் கொதித்து, மிதி பஞ்சுபோல் உள்ளே போய்விடும். அதற்கு முன்னதாகவே ஒரு வாடை வரும், ரப்பரும் இரும்பும் சேர்ந்து கருகும் வாடை. அது மூக்கில் பட்டவுடன் அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குபவர் எவராக இருந்தாலும் அவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். 2023 செப்டம்பர் 30 அன்று குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் மரப்பாலம் அருகே சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் விழுந்து ஒன்பது பேர் உயிரிழந்தார்கள்; நீங்களும் அதே மலையிலிருந்துதான் இறங்கப்போகிறீர்கள்.

கெத்தைப் பாதை அழகான பாதைதான். 43 வளைவுகள், ஆள் நடமாட்டம் குறைவு, பல இடங்களில் சிக்னல் கிடையாது, இடையில் பெட்ரோல் பங்க் கிடையாது. யானைக் கூட்டம் சாலையில் நின்றுவிட்டால் அது நகரும்வரை ஹாரன் அடிக்காமல், வண்டியை விட்டு இறங்காமல், பின்னால் ஒதுங்கி நிற்க வேண்டும். அது கால் மணி நேரமும் ஆகலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம். அன்றைக்கே திருச்சிக்கும் மதுரைக்கும் போய்ச் சேர வேண்டியவர்கள் அந்த வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

மெக்கானிக்கல் 93, திருச்சி

ஐயா, மிக்க நன்றி. கல்லட்டி விவரம் எங்கள் ஏழு பேரில் ஒருவருக்கும் தெரியாது. மின்சாரக் காரைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா? மதுரை நண்பர் அதில்தான் வருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறார்.

யூனிட் கணக்கன், கோவை

கணக்கை அவரே போட்டுப் பார்க்கட்டும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்திலும் ஊட்டி 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. வண்டியும் ஆட்களும் பெட்டிகளும் சேர்ந்து 2,000 கிலோ என்று கொண்டால், அந்த எடையை 1,900 மீட்டருக்கு மேல் தூக்குவதற்கு மட்டுமே 10 யூனிட்டுக்குச் சற்று அதிகமான மின்சாரம் செலவாகும். சமதளத்தில் அந்தத் தூரத்துக்கு ஆகும் வழக்கமான செலவு அதற்கு மேல். ஆகையால் மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ நன்றாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஏறினால் ஊட்டி சேர்வதில் எந்தத் தடங்கலும் இல்லை. ஆனால் மேலே வந்த பிறகு இரவுக் குளிரில் பேட்டரியின் திறன் குறையும். காருக்குள் ஹீட்டர் போட்டால் அதுவும் இழுக்கும். பக்கத்து இடங்களுக்கெல்லாம் தாராளமாகச் சுற்ற முடியாது.

பலர் கவனிக்காத விஷயம் இறக்கத்தில் இருக்கிறது. மின்சாரக் காரில் ஆக்சிலரேட்டரை விட்டால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியைப் பிடித்து, அந்தச் சக்தியைப் பேட்டரிக்கு அனுப்புகிறது. பெரியவர் சொன்ன இரண்டாவது கியரின் வேலையை அங்கே இதுதான் செய்கிறது. ஊட்டி விடுதியில் இரவு முழுக்கச் செருகி வைத்து நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு காலையில் இறங்கினால், வரும் சக்தியை வைத்துக்கொள்ள பேட்டரியில் இடமில்லாமல் அந்தப் பிடிமானம் மிகவும் குறைந்துவிடும். முழுப் பாரமும் சாதாரணப் பிரேக்கின் மேல் விழும். ஆகவே இறங்கும் நாளில் எழுபது, எண்பது சதவீதத்தோடு கிளம்புவதே பாதுகாப்பு.

ஈரோடு மருத்துவர்

ஸ்டென்ட் வைத்த நண்பர் கிளம்புவதற்கு முன் தம்முடைய இதய மருத்துவரை ஒரு முறை பார்த்துவிட வேண்டும். ஊட்டியின் உயரத்தால் மட்டும் மூச்சுத்திணறல் வருவது அரிது. குளிர்தான் கவலைக்குரியது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும். அதிகாலை ஆறு மணிக் குளிரில், வெறும் வயிற்றிலோ வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டோ, மேட்டில் வேகமாக நடப்பது ஐம்பதைத் தாண்டிய எவருக்கும் நல்லதல்ல. உறைபனியை அவர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். மாத்திரைகளை இரண்டு பங்காகப் பிரித்து ஒன்றைத் தம்மிடமும் மற்றொன்றை வேறொருவர் பையிலும் வைத்துக்கொள்ளட்டும்.

குமட்டலுக்கு அவோமின் போட்டுக்கொள்பவர் அன்று ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. அது தூக்கத்தை வரவழைக்கும் மருந்து. அவருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10 மணிக்குக் கிளம்பும் மலை ரயில். 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள் இருந்தாலும் அது மெதுவாக ஊர்ந்து ஏறுவதால் வயிற்றைப் பிரட்டாது. துணைக்கு ஒருவரையும் சேர்த்து முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய நண்பர்கள் கூடும் இடத்தில் இரவு நீளும், குளிர் தாங்காமல் அடுப்புக் கரி போட்ட சட்டியையோ பார்பிக்யூ அடுப்பையோ அறைக்குள் எடுத்து வைக்கத் தோன்றும். ஒருபோதும் செய்யாதீர்கள். கரி எரிந்து அடங்கும்போது வெளியாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சாத்திய அறைக்குள் தூங்குபவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். மலையூர்களில் சுற்றுலா வந்தவர்கள் இப்படி இறந்த செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. குடித்தால் உடம்பு சூடாகும் என்பதும் பொய். தோலுக்குக் கீழே குழாய்கள் விரிவதால் கதகதப்பாகத் தோன்றும். உள்ளிருக்கும் வெப்பம் வெளியே போய்க்கொண்டிருக்கும்.

சேலம் ஊர்சுற்றி

பெரியவர் சொன்னதை ஏற்கிறேன். முதல் நாளில் திம்பம் வழி அதிகம்தான். ஆனால் வேறொன்று கேட்கிறேன். ஏழு பேரும் பேசிச் சிரிக்கத்தானே போகிறீர்கள்? இரண்டு கார்களாகப் பிரிந்தால் வழியெல்லாம் “நீ எங்கே இருக்கிறாய்” என்று போனில் கேட்பதில்தான் பாதிப் பேச்சு போகும். ஓட்டுகிற இருவரும் மூன்று நாட்களும் சாலையைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார்கள். கார்களை மேட்டுப்பாளையத்தில் பாதுகாப்பான இடமாகப் பார்த்து விட்டுவிட்டு, நீலகிரிப் பதிவெண் கொண்ட டெம்போ டிராவலர் ஒன்றை, உள்ளூர் ஓட்டுநரோடு, மூன்று நாட்களுக்கும் அமர்த்திக்கொண்டால் என்ன? டிஎன் 43 வண்டிக்கு இ-பாஸும் தேவையில்லை.

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்

இப்போதுதான் தம்பி சரியான இடத்துக்கு வந்திருக்கிறார். தினமும் ஏறி இறங்குபவனுக்கு எந்த வளைவில் பேருந்து அகலமாகத் திரும்பும், எந்த இடத்தில் மூடுபனி முதலில் இறங்கும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் அவரையும் இரவு பத்து மணிவரை சுற்ற வைக்காதீர்கள். அவருக்கும் சாப்பாடும் படுக்கையும் விடுதியில் உண்டா என்பதை அறை பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். குளிரில் வண்டிக்குள் படுத்து எழுந்தவர் மறுநாள் ஓட்டும் வண்டியில் அமர்ந்திருக்கப்போவது நீங்கள்தான்.

குன்னூர்வாசி

உறைபனியைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை, ஆகையால் நானே எழுதுகிறேன். நவம்பரில் நீர்ப்பனி தொடங்கும். பிறகு உறைபனி வரும். வடகிழக்குப் பருவமழை நீண்டுவிட்டால் அது தள்ளிப்போகும். உயரமான இடத்தில்தான் அதிகம் விழும் என்று நினைத்து எல்லோரும் தொட்டபெட்டாவுக்கு ஓடுகிறார்கள். உண்மையில் இரவில் வானம் மேகமில்லாமல் இருந்து, காற்றும் அடங்கியிருந்தால், தரை தன் சூட்டை இழந்துவிடும். அதையொட்டிய காற்றும் குளிர்ந்து, கனமாகி, சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்கும். அதனால்தான் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவைவிட, தாழ்வான தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்காவின் புல்வெளி ஆகிய இடங்களில் அது அடர்த்தியாகப் படிகிறது.

தலைகுந்தாவில் காலை 6.30 மணிக்கு நின்று பாருங்கள். புல்லின் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் பொடியுப்பைத் தூவியது போல் வெள்ளை ஒட்டியிருக்கும். காலை வைத்தால் நொறுங்கும் ஓசை கேட்கும். கைவிரல் பட்ட இடம் உடனே பச்சையாகிவிடும். வெயில் விழுந்த பக்கம் புகைபோல் ஆவி கிளம்பி, எட்டரை மணிக்குள் எல்லாம் வெறும் ஈரமாகிவிடும். அந்த ஈரம் காய்ந்த பிறகுதான் எங்கள் கவலை தெரியும். பள்ளத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கருகிப் பழுப்பேறி நிற்கும். சிறு விவசாயிகள் அதைக் காப்பாற்ற விடியும் முன்பே எழுந்து தண்ணீர் தெளிப்பார்கள். புகைப்படத்துக்காக யாருடைய தோட்டத்துக்குள்ளும் இறங்கிவிடாதீர்கள்.

முந்தின இரவு நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்தால் நம்பி அலாரம் வையுங்கள். மேகம் மூடியிருந்தால் நன்றாகத் தூங்குங்கள். மூன்று காலைகள் கைவசம் இருப்பதால் ஒன்றாவது கிடைக்க வாய்ப்பு அதிகம். காரின் முன்கண்ணாடியில் வெள்ளை படிந்திருந்தால் வெந்நீரை ஊற்றாதீர்கள், விரிசல் விடும்; இரவிலேயே பழைய போர்வையைப் போட்டு மூடிவிடலாம்.

மெக்கானிக்கல் 93, திருச்சி

நேற்று இரவு ஏழு பேரும் குழு அழைப்பில் பேசினோம். வேன் என்றதும் இருவர் முரண்டு பிடித்தார்கள்; குறிப்பாக மதுரைக்காரர், புதுக் காரை மேட்டுப்பாளையத்தில் நிறுத்திவிட்டுப் போவதா என்று கேட்டார். பெரியவர் எழுதிய பிரேக் வாடையையும் கோவை நண்பர் எழுதிய நூறு சதவீதக் கணக்கையும் படித்துக் காட்டியதும் அடங்கிவிட்டார்.

இப்போதைய திட்டம் இப்படி. முதல் நாள் அவசரமில்லாமல் வந்து மேட்டுப்பாளையத்தில் தங்குகிறோம். மறுநாள் குமட்டல்காரரும் ஸ்டென்ட் நண்பரும் மலை ரயிலிலும், மற்றவர்கள் வேனில் குன்னூர் வழியாகவும் மேலே வருகிறோம். அன்றும் அடுத்த நாளும் ஊட்டியிலேயே தங்கல். விடியற்காலையில் உறைபனி, காலை உணவுக்குப் பின் ஒரே ஒரு இடம், மாலை ஐந்து மணிக்குள் அறை. மசினகுடி, கெத்தை இரண்டையும் விட்டுவிட்டோம். உறைபனிக்கு மூன்று காலைகள் என்பது இரண்டாகச் சுருங்குகிறது, பரவாயில்லை. இரண்டு சந்தேகங்கள் மிச்சமிருக்கின்றன. பெங்களூர் நண்பர் தம் காரில் தனியாகக் கல்லட்டி வழியாக ஏறலாமா? நாங்கள் இறங்குவதற்குக் குன்னூர்ப் பாதை நல்லதா, கோத்தகிரிப் பாதை நல்லதா?

குன்னூர்வாசி

பெங்களூர் நண்பர் கூடலூர், நடுவட்டம் வழியாக வரட்டும். கல்லட்டியில் ஏற அனுமதி இருந்தாலும் சாய்வு மிகக் கடுமையானது; தனியாக, பழக்கமில்லாமல், எதிரே வண்டி வரும்போது பாதி வளைவில் நிறுத்தி மீண்டும் எடுப்பது எல்லோருக்கும் கைவராது. கூடலூர்ச் சாலை நீளம், ஆனால் அகலம். அவருக்கு மட்டும் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பதை நினைவூட்டுங்கள்.

இறங்குவதற்குக் கோத்தகிரி. நெரிசல் குறைவு, கூட்டத்தில் சிக்கிப் பிரேக்கிலேயே காலை வைத்திருக்க வேண்டியதில்லை. குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் பலாப்பழக் காலத்தில்தான் அதிகம் வரும், ஜனவரியில் அந்தத் தொல்லை குறைவு. காலை உணவை முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்கு ஊட்டியை விட்டால் கோத்தகிரியில் தேநீர் குடித்துவிட்டு மதியத்துக்குள் மேட்டுப்பாளையத்தில் இருப்பீர்கள். அவரவர் ஊருக்கு இருட்டும் வேளையில் போய்ச் சேரலாம்.

விடுதியில் பேசும்போது வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் ஏழு மணிக்கு முன் வராது. தலைகுந்தாவுக்கு 6 மணிக்கே புறப்பட வேண்டியிருப்பதால், ஓட்டுநரிடம் முந்தின இரவு சாப்பாட்டின்போதே நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.